இடது பக்கக் கான்

நிலக்ஷிக்கு இடது பக்கம் தடுக்க வராது. ஹட்டனில் கூடைப்பந்து பார்க்கிற எல்லாருக்கும் இது தெரியும். எல்லாரும் என்றால் ஒரு நாற்பது பேர்.

அவள் என் தங்கச்சி. கல்லூரி டீமில் காட். பந்தைத் தட்டிக்கொண்டு முன்னால் போகிறவள், மற்ற நான்கு பேரும் எங்கே நிற்க வேண்டும் என்று கையைக் காட்டுகிறவள், தூரத்திலிருந்து எறிகிறவள். எறிவதில் அவளைக் குறை சொல்ல முடியாது. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று பத்து எறிந்தால் நான்கு உள்ளே விழும். அவள் வயதில் வேறு யாரும் அப்படி எறிந்து நான் பார்த்ததில்லை.

பந்து எதிரணிக்குப் போனதும் வேறு ஆளாகிவிடுவாள். அவள் தடுக்க வேண்டியவள் பந்தோடு வருவாள். நிலக்ஷி முழங்காலை மடக்கி, கையை விரித்து, சரியாகத்தான் நிற்பாள். தன் வலது பக்கமாக வந்தால் கடைசிவரை ஒட்டிக்கொண்டு போவாள். இடது பக்கமாக வந்தால் இரண்டு எட்டு வைப்பாள். பிறகு நின்றுவிடுவாள். சறுக்கியிருக்க மாட்டாள், மூச்சு வாங்கியிருக்காது. சும்மா நிற்பாள். எதிரணிப் பிள்ளை தாண்டிப் போய்ப் பந்தைப் போட்டுவிட்டுத் திரும்பி வரும்.

டீமைப் பழக்குகிற யோகேஸ்வரன் சேர் அதைச் சோம்பல் என்றார். நான்கு வருடமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நாலு வருடமாக மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார். ஓடி ஓடி அவளுக்கு மூச்சு நீண்டதே தவிர வேறு ஒன்றும் ஆகவில்லை.

அந்த நாற்பது பேரில் நான் ஒருவன். தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் கொழுந்து வாட்டுகிற மாடியில் எனக்கு இரவு வேலை. காலை ஆறு மணிக்கு இறங்குவேன். பன்னிரண்டு வரை தூங்குவேன். அதற்குப் பிறகு செய்ய எதுவும் இல்லை. அதனால் பஸ் ஏறிக் கல்லூரிக் கோர்ட்டுக்குப் போய் மதிலில் உட்காருவேன். அதே கல்லூரியில்தான் நானும் படித்தேன். உயர்தரம் இரண்டாம் வருடத்தில் விட்டேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஒரு திங்கட்கிழமை போகவில்லை. செவ்வாயும் போகவில்லை.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் பயிற்சி முடிந்ததும் சேர் எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"கொழும்புல ஒரு ஃபினான்ஸ் கம்பெனி இருக்கு. லேடீஸ் டீம் வச்சிருக்காங்க. மே மாசம் கடைசி ஞாயித்துக்கெழம இங்க வந்து நம்மளோட ஒரு ஃப்ரெண்ட்லி மெச் அடிக்கப் போறாங்க. நம்ம பக்கத்துல இருந்து ஒரு புள்ளய எடுப்பாங்க. வேலையும் குடுப்பாங்க, தங்க எடமும் குடுப்பாங்க."

"எத்தன பேர எடுப்பாங்க சேர்?" என்று கேட்டாள் ஜெனிதா. அவளும் காட்தான். நிலக்ஷி களைத்தால் அவள் இறங்குவாள்.

"ஒருத்தின்னு சொன்னேன்ல. காது எங்க இருக்கு?"

"காது இருக்கு சேர். இவளுக்குத்தான் இடது கால் இல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். சேரும் சிரித்தார். "அதான் நானும் கேக்கிறேன். நிலக்ஷி, அந்தக் கால டெய்லி வீட்லயா வச்சிட்டு வர்ற?"

"பேக்ல இருக்கு சேர்," என்றாள் நிலக்ஷி. "மெச்சுக்கு மட்டும் எடுப்பேன்."

ஜெனிதா எறிந்தால் பந்து வளையத்தில் படுவதே அபூர்வம். ஆனால் அவளைத் தாண்டி யாரும் போக முடியாது. ஒட்டிக்கொண்டு ஓடுவாள், விழுவாள், எழுந்து மறுபடி ஓடுவாள். கம்பெனிக்கு யார் வேண்டும் என்பது கம்பெனிக்குத்தான் தெரியும்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் நிலக்ஷி என்னிடம் ஒன்று சொன்னாள்.

"எடுத்தா காட்டா எடுக்கணும் அண்ணே. பந்து ஏங் கையில இருக்கணும். ஓரத்துல நிக்க வச்சு எப்பயாவது எறிய விடுறதுன்னா எனக்கு வேணாம்."

"வேணாம்னா?"

"வலப்பனைக்குப் போறேன்."

வலப்பனையில் எங்கள் சித்தி ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அம்மா ஏற்கனவே அவளிடம் பேசி வைத்திருந்தாள். நிலக்ஷி உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுக்குக் காத்திருந்தாள். பெறுபேறு எப்படி வரும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். ஆக இரண்டு வழிதான் இருந்தது. கொழும்பு, இல்லையென்றால் வலப்பனை.

நான் எழுதிப் பார்க்க ஆரம்பித்தேன். ஃபேக்டரியில் கழித்துப் போட்ட வெப்பநிலைத் தாள்களின் பின்பக்கத்தில் ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் இடது, அந்தப் பக்கம் வலது. அவளைத் தாண்டி யாராவது போனால் ஒரு குறி. இரண்டு வாரத்தில் நான்கு பயிற்சி மெச். இடதில் முப்பத்தொரு குறி. வலதில் மூன்று.

தாளைச் சேரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதத்தான்டா நானும் சொல்றேன். நீ என்னமோ பெருசா கோடெல்லாம் போட்டுக் கொண்டாந்திருக்க."

"ரெண்டு எட்டு வச்சதும் நிக்கிறா சேர். ஒவ்வொரு தடவையும் ரெண்டு. மூனும் இல்ல, ஒன்னும் இல்ல."

"சோம்பேறி ரெண்டு எட்டு வைக்கிறதே பெருசு."

நான் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் மத்தியானம் தூங்கி எழுந்து கடைக்குப் போகிற வழியில் புள்ளக்காம்பராவைக் கடந்தேன். தாய்மார் கொழுந்து எடுக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற கட்டடம் அது. அதன் முன்னால் ஒரு சீமெந்து முற்றம் இருக்கிறது. தோட்டத்தில் சமமாக இருக்கிற ஒரே தரை. முற்றத்தின் ஒரு பக்கம் கட்டடம். எதிர்ப் பக்கம் முழு நீளத்துக்கும் கான் ஓடுகிறது. மேட்டிலிருந்து வருகிற மழைத்தண்ணீர் நாங்கள் குடியிருக்கிற லயத்துக்குள் புகாமல் இருக்க வெட்டிய வடிகால். இரண்டடி ஆழம். கானை ஒட்டி முற்றத்தின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு தண்டவாளத் துண்டு நட்டிருக்கும். முன்பு விளக்குக் கம்பமாக இருந்தவை. அதில் ஒன்றில் ஒரு வளையம் இருக்கிறது.

வளையத்தைப் போட்டவன் நான்தான். அப்போது எனக்குப் பதினான்கு வயது, நிலக்ஷிக்கு ஏழு. ஃபேக்டரி ஃபிட்டரிடம் கெஞ்சிக் கம்பியை வளைத்து, பலகையில் இறுக்கி, கம்பத்தில் போல்ட் ஆணி முடுக்கினேன். கம்பம் கானை ஒட்டி இருந்தது. அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை. கம்பம் இருந்தது, அவ்வளவுதான்.

அன்றைக்கு அங்கே நாலைந்து பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்பிள்ளை கம்பத்துக்கு முன்னால் நின்று தடுத்தது. இன்னொன்று பந்தைத் தட்டிக்கொண்டு வந்தது. தடுத்த பிள்ளை வலது பக்கத்தை உடம்பால் அடைத்துக்கொண்டு இடது பக்கத்தைத் திறந்துவிட்டது. மற்றது இடது பக்கம் பாய்ந்தது. தடுத்த பிள்ளை இரண்டு எட்டு வைத்தது. நின்றது. பந்தும் பிள்ளையும் கானுக்குள் விழுந்தார்கள். எல்லாரும் கைதட்டினார்கள்.

எங்கள் தோட்டத்தில் அதுதான் தடுக்கிற முறை. எங்கள் காலத்திலும் அதுதான். வலது பக்கத்தை நீ பார்த்துக்கொள், இடது பக்கத்தைக் கான் பார்த்துக்கொள்ளும். இரண்டு எட்டுக்கு மேல் நீ போனால் நீயும் விழுவாய். அதனால் நிற்க வேண்டும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. கல்லூரிக் கோர்ட்டுக்குப் போகும் முன்னால் நிலக்ஷி ஐந்து வருடம் அந்தக் கம்பத்தின் கீழ் நின்றிருக்கிறாள்.

கல்லூரிக் கோர்ட்டில் கான் இல்லை. இடது பக்கம் ஐந்து மீட்டர் வெறும் தரை.

நான் கடைக்குப் போய்ச் சவர்க்காரம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நிலக்ஷி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் கையில் இருந்த துணியைப் பிழிந்துகொண்டே கேட்டாள். முடிந்ததும், "அப்ப நீதான் காரணம்," என்றாள்.

"ஆமா."

"நாலு வருசம் அந்த மனுசன் என்னைய ஓட விட்டாரு."

"ஆமா."

"சரி. இப்ப என்னா செய்றது?"

கானை மூடுவது என்று முடிவு செய்தோம். ஃபேக்டரியில் கொழுந்து வாட்டுகிற தொட்டிகளைப் புதிதாக்கியபோது கழற்றிய பழைய பலகைகள் பின்னால் குவிந்து கிடந்தன. ஃபேக்டரியைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கரிடம் கேட்டேன். விறகுக்கா என்றார். ஆமாம் என்றேன். ஒன்பது பலகை எடுத்து வந்து கம்பத்துக்குப் பக்கத்தில் கான் மேல் குறுக்காக அடுக்கினேன். அப்புறம் அதற்கும் அப்பால் இருந்த புல்லைச் செதுக்கி மண்ணைத் தட்டினேன். இடது பக்கம் நாலு மீட்டர் கிடைத்தது.

கடைசி வீட்டு அழகம்மாக்கா வாசலில் நின்று பார்த்தாள்.

"என்னாடா, கானுக்குக் கூரை போடுற?"

"தங்கச்சி பழகுறதுக்கு அக்கா."

"தண்ணி எங்கிட்டுப் போகும்?"

"பலகைக்குக் கீழதான் போகும்."

"போகலன்னா ஏங் காம்பராவுக்குள்ளதான் வரும். அப்ப ஒங்க ரெண்டு பேரையும் வாளியோட கூப்புடுவேன்."

மெச்சுக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. தினமும் நாலு மணிக்கு ஆரம்பித்தோம். நான் பந்தோடு வருவேன், அவள் தடுப்பாள். எல்லா முறையும் நான் அவளுடைய இடது பக்கம்தான் போனேன். அவள் இரண்டு எட்டு வைத்தாள். நின்றாள். பலகை இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அதன் மேல் ஏறிக் குதித்துக் காட்டினாள். மறுபடி ஆடினோம். நின்றாள்.

"போடி!"

"போறேன்ல!"

"எங்க போற? நிக்கிற."

"காலு நிக்குது. நான் நிக்கல."

நாலாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு செய்து பார்த்தாள். ஆறாம் நாள் பலகையின் மேல் சுண்ணாம்பால் கால் அடையாளம் போட்டோம், மூன்றாம் எட்டுக்கு ஒன்று, நான்காம் எட்டுக்கு ஒன்று. மெதுவாக நடந்தால் நாலு எட்டும் வந்தது. ஓடினால் இரண்டு. பத்தாம் நாள் பந்தைப் பறித்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்:

"நீ தடு. நான் வர்றேன். எப்புடி வைக்கிறதுன்னு காட்டு."

நான் கூடைப்பந்து விளையாடிப் பத்து வருடம் ஆகிறது. கம்பத்துக்கு முன்னால் போய் நின்றேன். அவள் வந்தாள், இடது பக்கம் வெட்டினாள். நான் இரண்டு எட்டு வைத்தேன்.

நின்றுவிட்டேன்.

அவள் பலகையின் மேல் ஓடிப் போய்ப் பந்தைப் போட்டாள். பந்து உருண்டு என் காலில் வந்து பட்டது.

"அண்ணே, நீயுமா?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாள். நான் இன்னும் மூன்று முறை செய்து பார்த்தேன். மூன்று முறையும் அதே இடம். பத்து வருடம் அந்தப் பக்கமே போகாத கால் அது.

அதற்குப் பிறகும் ஒன்பது நாள் பழகினோம். செய்வதற்கு வேறு எதுவும் இல்லாததால் பழகினோம். கடைசி நாள் எண்ணினேன். ஐம்பது முறை போனேன். மூன்றாம் எட்டு வைத்தது நாலு முறை.

மெச் நடந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தூறியது. பத்து மணிக்கு விட்டது. கோர்ட்டில் தேங்கிய தண்ணீரைப் பிள்ளைகள் சாக்கால் ஒற்றி எடுத்தார்கள். கம்பெனி டீம் ஒரு வேனில் வந்தது. கோச் ஒரு சிங்களப் பெண், பெயர் சந்திமா. ஐம்பது வயது இருக்கும். முழங்காலில் பட்டி கட்டியிருந்தார். யாரிடமும் அதிகம் பேசவில்லை. கொடுத்த பிளேன்டீயை வாங்கிக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

முதல் பாதியில் நிலக்ஷி ஐந்து முறை மூன்று புள்ளிக்கு எறிந்தாள். மூன்று விழுந்தது. அந்த மூன்றுக்கும் கோச் தலையை நிமிர்த்திப் பார்த்தார். நிலக்ஷியின் இடது பக்கமாக எதிரணி காட் ஏழு முறை போனாள். ஏழும் உள்ளே விழுந்தது. அந்த ஏழையும் கோச் பார்த்தார். மூன்றாவது தடவையிலிருந்து பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு நிலக்ஷியின் காலைப் பார்த்தார்.

ஜெனிதா நாலு நிமிடம் இறங்கினாள். அந்த நாலு நிமிடத்தில் அவளைத் தாண்டி யாரும் போகவில்லை. அவள் இரண்டு முறை எறிந்தாள். ஒன்று பலகைக்கு மேலாகப் போய் மதிலுக்கு வெளியே விழுந்தது.

இடைவேளையில் கோச் சேரைக் கூப்பிட்டார். சிங்களத்தில் கேட்டார்: "ஏன் அந்தப் பிள்ளை இடது பக்கம் நின்றுவிடுகிறது? காலில் அடிபட்டிருக்கிறதா?"

"இல்லை மிஸ். சின்னப் பழக்கம். மூன்று மாதத்தில் திருத்திவிடலாம்."

"எத்தனை வருடமாகப் பழக்குகிறீர்கள்?"

சேர் திரும்பிப் பார்த்தார். மதிலில் இருந்த என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். "இவளுடைய அண்ணன் மிஸ். இவன்தான் வீட்டில் பழக்குகிறான்." என் தோளில் கையைப் போட்டுக் காதுக்குள் தமிழில் சொன்னார்: "திருத்திக்கலாம்னு மட்டும் சொல்லு. வேற ஒன்னும் பேசாத."

நிலக்ஷி நாலடி தள்ளித் தண்ணீர் போத்தலோடு நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள்.

கோச் என்னிடம் கேட்டார்: "திருந்துமா?"

பொய் சொல்ல எனக்குக் கூச்சம் ஒன்றும் கிடையாது. டீமேக்கரிடம் விறகுக்கு என்று சொன்னவன்தான். திருந்தும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் என்ன சொல்லும் என்று அவருக்குத் தெரியும்போலத் தோன்றியது.

"திருந்தாது மிஸ்," என்றேன்.

சேரின் கை என் தோளிலிருந்து இறங்கியது.

எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். கம்பம், கான், இரண்டு எட்டு, பலகை, பத்தொன்பது நாள். "நான் விளையாட்டை விட்டுப் பத்து வருடம். என் காலும் நிற்கிறது."

கோச் சிரிக்கவில்லை. "கான் எவ்வளவு தூரத்தில்?" என்று கேட்டார்.

"இரண்டு எட்டு."

"அந்தப் பக்கம் தள்ளிவிடுவதில் கெட்டிக்காரியா?"

"எங்கள் தோட்டத்தில் அவளிடம் விழாதவர்கள் இல்லை."

பிளேன்டீயின் கடைசி மடக்கைக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு சேரிடம் இரண்டாம் பாதியில் ஸோன் ஆடச் சொன்னார். ஆளைத் துரத்தாமல் ஆளுக்கொரு இடத்தைக் காக்கிற முறை அது. நிலக்ஷியை இடது ஓரத்தில் நிறுத்தச் சொன்னார். விளிம்புக் கோட்டுக்கு உள்ளே இரண்டு எட்டில். பந்தைக் கொண்டுபோகிற வேலையை ஜெனிதாவுக்குக் கொடுக்கச் சொன்னார்.

நிலக்ஷி போய் நின்றாள். எதிரணிப் பிள்ளை வந்தது. நிலக்ஷி வலது பக்கத்தை அடைத்தாள். அது இடது பக்கம் பாய்ந்தது. நிலக்ஷி இரண்டு எட்டு வைத்து நின்றாள். அந்தப் பிள்ளையின் கால் கோட்டுக்கு வெளியே போனது. விசில் ஊதினார்கள். அப்படி நாலு முறை நடந்தது. எட்டு நிமிடம் கழித்துக் கோச் போதும் என்று கையைக் காட்டினார். நிலக்ஷி பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்தாள். கோர்ட்டைப் பார்க்கவில்லை.

மெச் முடிந்ததும் கோச் சேரிடமும் எங்களிடமும் நேராகவே சொன்னார். "இவளை எடுக்கிறேன். காட்டாக இல்லை. என்னிடம் காட் இரண்டு பேர் இருக்கிறார்கள். மூன்று புள்ளி தேவைப்படும்போது இறக்குவேன். எட்டு நிமிடம், சில நாள் பத்து. தடுக்கும்போது கோட்டுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒரு வருடம் பார்ப்போம். ஓஃபீசில் கவுண்டர் வேலை."

"பிறகு காட்டாகப் போடலாம்தானே மிஸ்? ஒரு வருடத்துக்குப் பிறகு?" என்று சேர் கேட்டார்.

"இல்லை," என்றார் கோச். "ஒரு வருடத்துக்குப் பிறகும் இதுதான். பொய் சொல்லிக் கூட்டிக்கொண்டு போக மாட்டேன்."

ஜெனிதா சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சொன்னாள்: "எட்டு நிமிசம் நிக்கிறதுக்கு ஒங்க தங்கச்சி. நாப்பது நிமிசம் ஓடுறதுக்கு யாரும் இல்ல. நல்லா இருக்கு."

சொல்லிவிட்டு எழுந்து போய் நிலக்ஷியின் தலையில் ஒரு தட்டு தட்டினாள். "கொழும்புல காலைத் தொலைச்சிராத."

ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் அரை மணி நேரம் நின்றோம். மழை மறுபடி பிடித்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, பஸ் கிளம்பிய பிறகு அவள் பேசினாள்.

"ஏன் சொன்ன?"

"கேட்டாங்க."

"நீ சொல்லலன்னா ஜெனிதாவ எடுத்திருப்பாங்களா?"

"தெரியல."

"என்னைய காட்டா எடுத்திருப்பாங்களா?"

"தெரியல."

"ஒனக்கு என்னாதான் தெரியும்?"

"ரெண்டு எட்டு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணாடி முழுக்க ஆவி. அதில் பார்க்க ஒன்றும் இல்லை. பாதி வழியில் சேனை வளைவு தாண்டியதும், "வலப்பனைக்குப் போகவா, கொழும்புக்குப் போகவா?" என்று கேட்டாள். பதில் எதிர்பார்த்துக் கேட்ட மாதிரி இல்லை.

லயத்துக்கு வந்தபோது அழகம்மாக்கா இரண்டு வாளியோடு வாசலில் நின்றாள். பலகைக்குக் கீழே சருகு அடைத்து, கான் நிரம்பி, தண்ணீர் அவள் காம்பராவுக்குள் போயிருந்தது. அரிசிச் சாக்கைக் கட்டிலின் மேல் தூக்கி வைத்திருந்தாள்.

"வாங்க, வாங்க. வாளி ரெடியா இருக்கு. எடுத்தாங்களா?"

"எடுத்தாங்க," என்றாள் நிலக்ஷி.

"அப்ப ரெண்டு வாளி கூட எற."

மூன்று பேரும் இருட்டும்வரை இறைத்தோம். நான் பலகைகளை எடுத்துச் சுவரில் சாய்த்தேன். கையை விட்டுச் சருகை வாரினேன். தண்ணீர் பழையபடி ஓடியது. நிலக்ஷி ஈரச் சாக்கைப் பிழிந்துகொண்டே சொன்னாள்:

"கொழும்புக்கே போறேன். தையல் எனக்கு வராது."

அவள் போன அன்று காலை நான் வேலை முடிந்து நேராக ஸ்டேஷனுக்குப் போனேன். அம்மா சோற்றுப் பொதி கட்டிக் கொடுத்திருந்தாள். ரயில் இருபது நிமிடம் தாமதம். ஏறும்போது, "அந்த வளையத்தக் கழட்டிரு," என்றாள். "வேற எங்கயாவது போடு."

நான் போய்த் தூங்கினேன்.

இரண்டு மாதம் கழித்து அவள் ஒரு வீடியோ அனுப்பினாள். மத்தியானம் எழுந்து பாயில் உட்கார்ந்தபடியே பார்த்தேன். யாரோ மாடத்தில் இருந்து எடுத்திருந்தார்கள். நிலக்ஷி இறங்குகிறாள். ஒரு மூன்று புள்ளி போடுகிறாள். கையைத் தூக்கவில்லை, சிரிக்கவில்லை, திரும்பி ஓடி வந்து இடது ஓரத்தில் நிற்கிறாள். ஒரு பிள்ளையைக் கோட்டுக்கு வெளியே தள்ளுகிறாள். இன்னொரு பிள்ளையைத் தன் டீமில் இன்னொருத்தியிடம் தள்ளிவிடுகிறாள், அவள் பந்தைப் பறிக்கிறாள். பிறகு எதிரணி இடம் மாற்றி ஆடுகிறது. நடுக் கோர்ட்டில், கோடு எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில், ஒருத்தி அவளுடைய இடது பக்கம் போகிறாள். நிலக்ஷி இரண்டு எட்டு வைத்து நிற்கிறாள். பந்து உள்ளே விழுகிறது. விசில். அவளை மாற்றுகிறார்கள். அவள் பெஞ்சில் உட்கார்ந்து துவாயைத் தலையில் போட்டுக்கொள்கிறாள்.

"பாத்தேன்," என்று எழுதினேன்.

"ம்," என்று வந்தது.

அன்றைக்கே ஸ்பேனர் சாவியை எடுத்துக்கொண்டு புள்ளக்காம்பராவுக்குப் போனேன். முற்றத்தின் நடுவில், கானுக்கு எட்டத்தில், ஒரு கம்பம் நட முடியுமா என்று தோட்ட ஓஃபீசில் முன்பே கேட்டிருந்தேன். எழுதிக் கொடு என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். பதில் இல்லை. ஆக இருந்தது மற்ற முனையில் நிற்கிற அந்த இன்னொரு தண்டவாளம் மட்டும்தான். அதுவும் கானை ஒட்டித்தான் நிற்கிறது. இங்கே இருந்து பார்த்தால் இடது பக்கம் ஓடுகிற கான், அங்கே நின்று இப்படித் திரும்பினால் வலது பக்கம் ஓடும்.

ஆணியெல்லாம் துருப்பிடித்திருந்தது. கழற்ற ஒரு மணி நேரம் ஆனது. பிள்ளைகள் சுற்றி நின்று ஏன் என்று கேட்டார்கள். சும்மா என்றேன். இடது பக்கம் தடுக்க வராதவர்கள் இந்தத் தோட்டத்தில் போதும்.

மற்றக் கம்பத்தில் வளையத்தை மாட்டி முடுக்கினேன். முதல் இரண்டு நாளும் பிள்ளைகள் தூரம் தெரியாமல் மாறி மாறிக் கானில் விழுந்தார்கள். தடுத்தவர்களும் விழுந்தார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் கடைக்குப் போகும்போது பார்த்தேன். தடுத்த பிள்ளை இடது பக்கத்தை அடைத்துக்கொண்டு நின்றது. வலது பக்கம் இரண்டு எட்டு வைத்தது. நின்றது.